எக்ஸ் பட்டனை விட்டுரும், மருமவனே!

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். நம்ம கோயில் கொயருக்கு நீரு கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்த நோட்ஸை முச்சூடும் பாத்துட்டேன். கண்ணாடியைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். ஒமக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி எனக்கு இருந்திருந்தா, நான் பிடில் வாசிச்சுக்கிட்டா இருந்திருப்பேன்? எலெக்ஷன்ல நின்னுருப்பேன்.

மொத பாரைப் பாத்ததுமே புல்லரிச்சுப் போச்சு. நாலுக்கு நாலு தாளம், அரை அரை பீட்டா எட்டு குவேவர். அதை மூணு, மூணு, ரெண்டுன்னு சேத்து, குச்சி முனையைக் கோக்குத தடிக் கோடா பீம் போட்டிருக்கீரு. கேட்டா, "பாக்க அழகா இருந்துச்சு மாமா"ங்கீரு. அழகுதான், யாரு இல்லைன்னா? ஆனா ஆல்ட்டோ பாடுத பிள்ளைக மூணாவது பீட்டைக் காணோம்னு தேடிக்கிட்டு நிக்குதுவ. அது உம்ம ரெண்டாவது பீமுக்கு நடுவுல பதுங்கிக் கெடக்கு. சினிமாப் பாட்டுல அடியே மூணு மூணு ரெண்டா விழுதுன்னா அப்படிப் போடலாம், நான் மறிக்க மாட்டேன். இது பாமாலைப் பாட்டு வே. பாட்டி தாத்தாவெல்லாம் சேந்து பாடுதது.

பீம் எதுக்குப் போடுதோம்னு ஒமக்கு யாரும் சொல்லலியோ? டிரினிட்டி பரிச்சையில தியரிக்கு மார்க்கை அள்ளுன ஆளாச்சே நீரு! பனங்கெழங்கு விக்க வாரவ கட்டு கட்டாக் கட்டி வச்சிருக்காள்லா, எதுக்கு? நாம ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டு நிக்கப்பிடாதுன்னுதான். கட்டைப் பாத்தாலே கணக்கு தெரிஞ்சிரும். பீமுக்கும் அதே சோலிதான். பாடுதவங்க குவேவரை எண்ண மாட்டாங்க. கட்டைப் பாத்துதான் பீட்டு எங்க விழுதுன்னு கண்டுபிடிப்பாங்க.

நாலுக்கு நாலுன்னா ரெண்டாவது பீட்டுக்கும் மூணாவது பீட்டுக்கும் இடையில குவேவர் பீம் தாண்டப்பிடாது. நாலு நாலாக் கட்டும், இல்லை ரெண்டு ரெண்டாக் கட்டும். செமிகுவேவர் வந்துட்டா பீட்டுக்கு ஒரு கட்டு. மூணுக்கு நாலுல ஆறு குவேவரையும் ஒரே பீமுல கோக்கலாம், ரெண்டு ரெண்டாவும் வைக்கலாம். மூணு மூணாக் கோத்துட்டீருன்னா அது ஆறுக்கு எட்டாப் போச்சு. பாருக்கு மூணு அடி அடிக்க வேண்டிய ஆளு ரெண்டு அடி அடிப்பான். கல்யாணத்துக்குப் போட்ட பாட்டுல பந்தியே தூங்கிப் போயிரும்.

இதுல கூத்து என்னன்னா, நீரு அடிக்குத மியூஸ்கோர் சாஃப்ட்வேரை அதும்பாட்டுக்கு விட்டிருந்தா அதுவே ஒழுங்காச் சேத்திருக்கும். நாலுக்கு நாலும் மூணுக்கு நாலும் அதுக்குத் தெரியும். நீரு மெனக்கெட்டு ஒவ்வொரு நோட்டாத் தொட்டு, இங்க முறி, அங்க சேருன்னு கெடுத்து வச்சிருக்கீரு. ஓசியில கெடைக்குத சாமான்னா இப்படியா வே பழிவாங்குதது? எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பீமை ஆட்டோவுல போடும். உம்ம உழைப்பெல்லாம் ஒரு நொடியில போயிரும். அதான் வேணும்.

அதுக்குத் தெரியாத தாளமும் இருக்கு, அங்கதான் உம்ம மூளை வேணும். ஏழுக்கு எட்டுன்னு போட்டுட்டா ஆச்சா? ஏழை எப்படிப் பங்கு வைக்கணும்ங்கறது பாட்டுக்குத்தான் தெரியும். தகிட தகதிமின்னு போற மிஸ்ர சாபுன்னா மூணும் நாலும். தக தகிடன்னு போற கண்ட சாபு, அஞ்சுக்கு எட்டுல ரெண்டும் மூணும். கீர்த்தனைப் புஸ்தகத்துல இப்படிப் பாட்டு எத்தனை கெடக்கு! அதை ஸ்டாஃபுல எழுதுத ஆளு, பாருக்கு பாரு உக்காந்து ஒட்டிக்கிட்டு இருக்கப்பிடாது. தாளக் குறி மேல ரைட் கிளிக் பண்ணும். டைம் சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்னு வரும். அதுல பீமை எங்க முறிக்கணும்னு ஒரே ஒரு தடவை சொல்லும். பாட்டு முடியுத வரைக்கும் அது கேக்கும். சிபெலியஸ்ங்கற சாஃப்ட்வேருலயும் தாளக் குறி போடுத எடத்துலயே இதுக்கு வழி வச்சிருக்கான். டோரிக்கோன்னு இன்னொண்ணு இருக்கே, அதுல 7/8ன்னு அடிக்கதுக்குப் பதிலா, சதுர அடைப்புக்குள்ள 3+2+2ன்னு போட்டு எட்டைப் பக்கத்துல எழுதிட்டாப் போதும்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள வில்லங்கம் இல்ல. ஹங்கேரிக்காரரு பேலா பார்ட்டோக், மைக்ரோகாஸ்மோஸ் ஆறாம் புஸ்தகத்துல பல்கேரியத் தாளத்துல ஆறு ஆட்டம் எழுதி வச்சிருக்காரு. மொத ஆட்டத்துக்கு வெறும் 9/8ன்னு போட்டா வாசிக்கிறவன் மூணு மூணாத்தான் பிரிப்பாம்னு மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. தாளக் குறியிலயே 4+2+3ன்னு ஒடைச்சு எழுதிட்டாரு. அவரு கையில மவுஸும் இல்ல, மெனுவும் இல்ல.

சரி, அடுத்த வைபவத்துக்கு வாரும். சோப்ரானோவும் ஆல்ட்டோவும் ஒரே ஸ்டாஃபுல. ரெண்டையும் மொத வாய்ஸ்லயே அடிச்சிருக்கீரு. அதனால ரெண்டு தலையும் ஒரே குச்சியில தொங்குது. ஆல்ட்டோ குச்சியைக் கீழ திருப்பணும்னு எக்ஸை அமுக்கிருக்கீரு. ரெண்டும் சேந்து கீழ போயிருக்கு. மறுபடி அமுக்கிருக்கீரு, ரெண்டும் சேந்து மேல வந்திருக்கு. ராத்திரி பூரா இப்படி எறக்கி ஏத்துனீருன்னு உம்ம அம்மை சொன்னா. நான் படிக்கீருன்னுல்லா நெனச்சேன்! அப்புறம், ஆல்ட்டோ ஒரு மினிமைப் பிடிச்சுக்கிட்டு நிக்கையில சோப்ரானோ நாலு குவேவர் ஓடணும்ங்கற எடத்துல, நீரு அந்த மினிமை நாலு துண்டா வெட்டி டை போட்டு ஒட்டிருக்கீரு. மூணு டை! உம்ம கல்யாணத்துக்குக் கூட நீரு டை கட்ட மாட்டீரு.

மேல இருக்கே 1, 2, 3, 4ன்னு வாய்ஸ் பட்டன், அது அழகுக்கு வச்சதுன்னு நெனச்சீராக்கும். சோப்ரானோ ஒண்ணு, ஆல்ட்டோ ரெண்டு. ரெண்டாம் வாய்ஸ் அந்த பாருல வந்த ஒடனே மேல உள்ளதுக்குக் குச்சி மேலயும் கீழ உள்ளதுக்குக் குச்சி கீழயும் தன்னால போயிரும். எக்ஸே வேண்டாம். செலக்ட் பண்ணுனா மொத வாய்ஸ் நீலமும் ரெண்டாவது பச்சையுமாத் தெரியும். உம்ம பாட்டைத் தொட்டா முழுக்க நீலக்கடலு.

ஒத்தைக் குரலா ஓடுத வரியிலயும் எக்ஸுக்கு அனேகமா வேலை கெடையாது. நடுக்கோட்டுக்குக் கீழ உள்ள நோட்டுக்குக் குச்சி மேல, வலப்பக்கம். நடுக்கோட்டுலயும் அதுக்கு மேலயும் உள்ளதுக்குக் குச்சி கீழ, இடப்பக்கம். பீம்ல சேந்து வாரதுல நடுக்கோட்டைவிட்டு ரொம்பத் தள்ளி நிக்கிற நோட்டு சொல்லுததுதான் சட்டம். குச்சி நீளம் ஒரு ஆக்டேவ், அதாவது மூணரை எடைவெளி. நோட்டு ஸ்டாஃபைவிட்டு எட்ட வெளியேறிப் போச்சுன்னா, குச்சி நடுக்கோடு வரைக்கும் நீண்டு வரணும். இதெல்லாம் அந்த சாஃப்ட்வேருக்கு மனப்பாடம். நீருதான் அதுக்குத் தெரியாதுன்னு இரக்கப்பட்டு ஒதவி பண்ணுதீரு.

தலைக்கும் ஒரு சிகை அலங்காரம் பண்ணி வச்சிருக்கீரே, அதைச் சொல்லியே ஆகணும். நோட்டுத் தலைக்குள்ள சி, டி, ஈன்னு எழுத்து வார வசதி இருக்குன்னு கண்டுபிடிச்சு, கொயர் முழுசுக்கும் அதைப் போட்டுட்டீரு. ரெண்டு பேருக்கு ஒரு தாளு. கையை நீட்டிப் பிடிச்சா எழுத்தும் தெரியல, தலை மினிமா குரோச்செட்டாங்கறதும் தெரியல. ரெண்டுங்கெட்டான். அமெரிக்காவுல ஜார்ஜியாக்காரங்க ரெண்டு பேரு 1844-ல சேக்ரட் ஹார்ப்னு ஒரு பாட்டுப் புஸ்தகம் கொண்டுவந்தாங்க. அதுலயும் தலைக்குத் தலை உருவம் மாறும்: ஃபா முக்கோணம், சோல் வட்டம், லா சதுரம், மி டைமண்டு. அங்க எல்லாருக்கும் அது பழகுன பாடம், அதனால செல்லும். நம்ம கொயருல டைமண்டைப் பாத்தா பிடில்காரன் ஹார்மோனிக்ஸ்னு வெரலை லேசாத் தொடுவான். பெருக்கல் குறியைப் பாத்தா கைதட்டணும், இல்லைன்னா பேசணும்னு நெனப்பாங்க. சாய்ஞ்ச கோட்டைப் பாத்தா கித்தார்காரன் கார்டு அடிப்பான். தலையை மாத்துனா சேதி மாறிப்போகும். சேதி இல்லாதவன் தலையை மாத்தப்பிடாது.

அந்தச் செகப்பு நோட்டுக் கதையையும் கேட்டேன். ஒரு குரலுக்கு எட்டாத சுதியில எழுதுனா மியூஸ்கோரு அதை மஞ்சளாக் காட்டும். இன்னும் மீறுனா செகப்பாக் காட்டும். பிரிண்டுல கறுப்பாத்தான் வரும். எழுதுத ஆளுக்கு மட்டும் ரகசியமா ஒரு எச்சரிக்கை. நீரு என்ன பண்ணுனீரு? சுதியை எறக்கலை. செட்டிங்ஸுக்குப் போயி அந்தக் கலரு வாரதையே நிறுத்திட்டீரு! சோப்ரானோ பாடுத டீச்சரம்மா தொண்டைக்கு எந்த செட்டிங்ஸுக்குப் போகணும்னு அதையும் சொல்லிரும். ஞாயித்துக்கிழமை அவங்க கண்ணு ரெண்டும் வெளிய வந்துச்சு.

பீமைச் சரிச்சு விட்ட கைக்கு ஒரு காப்பு போடணும். டபுள் கிளிக் பண்ணுனா ரெண்டு முனையிலயும் பிடி வருதுன்னு தெரிஞ்சதுல இருந்து ஒரு பீமும் நிம்மதியா இல்ல. ஒரே சுதியில நாலு நோட்டு வந்தா பீம் மட்டமாத்தான் இருக்கணும். உம்மது மலையேறுது. முன்னால ஜெர்மனியில லைப்சிக் பக்கம் நோட்ஸை ஈயத் தகட்டுல செதுக்குவாங்க. அதுவும் கண்ணாடியில தெரியுத கணக்கா, வலமிருந்து இடமா. தலைக்கு அச்சு வச்சு அடிப்பாங்க, குச்சியும் பீமும் உளியால கீறுவாங்க. பீம் கனம் அரை எடைவெளி. அதோட முனை ஸ்டாஃப் கோட்டு மேல உக்காரணும், இல்ல அதுல தொங்கணும், இல்ல கோடு அதோட நடுவுல போகணும். இல்லைன்னா பீமுக்கும் கோட்டுக்கும் நடுவுல துண்டு முக்கோணமா வெள்ளை விழும். அச்சுல அதுல மை அடைக்கும். எலேன் கூல்டுங்கிற அம்மா லண்டன்ல 2011-ல 'பிஹைண்ட் பார்ஸ்'னு அறுநூறு பக்கத்துக்கு மேல ஒரு புஸ்தகம் போட்டாங்க. அதுல பீம் எவ்வளவு சாயணும்ங்கறதுக்கே பக்கம் பக்கமா இருக்கு. அதையெல்லாம் படிச்சவன்தான் உம்ம சாஃப்ட்வேரை எழுதிருக்கான். நீரு இழுத்து விட்டதைச் செலக்ட் பண்ணிக் கண்ட்ரோல் ஆர் அடிச்சா அது தன் எடத்துக்குப் போயி மூச்சு விடும்.

கையால தடவிக் குடுத்ததெல்லாம் நிலைக்கும்னு நெனைக்காதேயும். 1988-ல வந்த ஃபினாலேங்கற நோட்ஸ் சாஃப்ட்வேருல எத்தனை பெரிய பெரிய வித்வானெல்லாம் வாழ்நாள் பூரா எழுதினாங்க. 2024 ஆகஸ்டுல, இனி இதை வளக்கப் போறதில்லைன்னு கம்பெனி அறிவிச்சிருச்சு. சிபெலியஸ் செஞ்ச லண்டன் ஆளுகளை 2012-ல வீட்டுக்கு அனுப்புனாங்க. அதுல பல பேரு ஸ்டைன்பெர்க் கம்பெனியில போயிச் சேந்து 2016-ல டோரிக்கோவைக் கொண்டுவந்தாங்க. இப்ப ஒண்ணுலருந்து ஒண்ணுக்குப் பாட்டை மியூசிக் எக்ஸ்எம்எல்லா மாத்தித்தான் கொண்டுபோகணும். எந்தெந்த நோட்டு ஒரு பீமுக்குள்ளங்கற சேதி அதுல பெரும்பாலும் போயிச் சேரும். நீரு ராத்திரி முழிச்சு இழுத்த சரிவு அனேகமாப் போகாது.

ஒரே ஒரு விசயத்துல உம்மோட நான் சண்டைக்கு வரலை. பழைய பாட்டுப் புஸ்தகத்துல அசைக்கு ஒரு நோட்டுன்னா ஒவ்வொரு குவேவருக்கும் தனித்தனி வாலுதான். ஒரே அசை ரெண்டு மூணு நோட்டு ஓடுனாத்தான் பீம். இப்ப உள்ளவங்க வார்த்தையைப் பாக்காம பீட்டைப் பாத்துக் கட்டிட்டு, அசை நீளுத எடத்துல ஸ்லர் போடுதாங்க. எனக்குப் பழசுதான் கண்ணுக்குப் பழக்கம். ஆனா பேயாத் தாளம் மாறுத பாட்டுக்குப் புதுசுதான் வசதி, அதை ஒத்துக்கிடுதேன். ரெண்டுல எது வேணும்னாலும் வச்சுக்கிடும். ஒரே பாட்டுல ரெண்டையும் கலந்து, மூணாவதா உம்ம சொந்த வழி ஒண்ணையும் சேக்காதேயும்.

இப்பப் போயி ஆட்டோவுல போடும், ஆல்ட்டோவை ரெண்டாம் வாய்ஸுக்கு மாத்தும், அந்தச் செகப்பை மறுபடி எரிய விடும். ஒரு தாளு பிரிண்டு எடுத்து, இந்தப் பாட்டை இதுவரைக்கும் பாக்காத ஒரு பிள்ளை கையில குடுத்துப் பாடச் சொல்லும். நீரு பக்கத்துல நின்னு தாளம் போடாதேயும். எந்த பாருல அது நிக்குதோ அந்த பாரை மட்டும் கையால திருத்தும், வேற எதையும் தொடாதேயும். வெள்ளிக்கிழமை ப்ராக்டீஸுக்கு முன்னால எனக்கு ஒரு காப்பி வந்துரணும்.