சார்ஜ் எடுப்பதும் சார்ஜ் ஏற்றுவதும்

கேள்வி: அலுவலகத்தில் அதிகாரி ‘சார்ஜ்’ எடுக்கிறார், செல்பேசியில் ‘சார்ஜ்’ ஏற்றுகிறோம். இரண்டுக்கும் உறவு உண்டா?

பதில்: உண்டு, இரண்டையும் சுமந்து வந்தது ஒரே வண்டி. இலத்தீனில் வண்டியைக் குறித்த ‘கார்ருஸ்’ என்னும் சொல்லிலிருந்து ‘பாரம் ஏற்றுதல்’ என்னும் வினை பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’ ஆயிற்று. அந்தப் பாரத்தை மனிதரின் தோளில் வைத்தபோது அது பதவிப் பொறுப்பாகவும், பொருளின்மீது வைத்தபோது மின்னூட்டமாகவும் பொருள் விரிந்தது. பொறுத்தல் என்றால் சுமத்தல் என்பதால் ‘பொறுப்பு’ என்ற தமிழ்ச் சொல்லும் அதே பாரத்தையே சுமக்கிறது. மின்னூட்டத்தை ‘மின்னேற்றம்’ என்று வழங்கும் இலங்கைப் பாடநூல்களின் சொல்லோ மூட்டை ஏற்றும் காட்சியையே கண்முன் நிறுத்துகிறது, அவ்வகையில் அது மிக அழகிய ஆக்கம்.

ஆயினும் செல்பேசி மின்கலத்தில் உண்மையில் கூடுவது மின்னூட்டம் அன்று. எதிர்மின்னூட்டம் கொண்ட நுண்துகளாகிய எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றின் வழியே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செலுத்தப்படுவதால் ஆற்றல் சேர்கிறதே தவிர, கலத்தின் மொத்த மின்னூட்டம் முன்போலவே சுழியாக நிற்கிறது. மின்னைத் தேக்கும் கண்ணாடிக் குடுவையாகிய லெய்டன் சாடியை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், உட்புறம் பெறுவதை வெளிப்புறம் இழக்கிறது என்று 1747-லேயே தெளிந்தார். அலுவலகத்திலும் அவ்வாறே: சாவிக்கொத்தும் பதிவேடுகளும் பழைய அதிகாரியின் மேசையிலிருந்து புதியவரின் கைக்கு மாறும்போது, ஒருவர் ஏற்ற அளவே மற்றவர் இறக்கி வைக்கிறார்.