கடுகண்ணாவை ஏற்றத்தில் காருக்குத் தண்ணீர் காட்டும் முறை

பழைய காரில் கூலன்ட் ஒழுகினால் முதலில் வாங்க வேண்டியது ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல். அதை டிக்கியில் வைத்ததுமே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதியைச் சில வருடங்களுக்குத் தள்ளிப்போடலாம். கண்டிப் பக்கத்தில் பலர் இதைத்தான் பராமரிப்பு என்று நம்பி வாழ்கிறார்கள்; நாமும் அந்த மரபை ஒட்டியே போவோம்.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும், முற்றத்து மூலையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கார்கூடச் சொத்தாகிவிட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்குக் கதவு திறந்தது. வரியைக் கேட்டவர்கள் பேசாமல் தங்கள் பழைய நிஸான் சன்னியின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு கிளம்பினார்கள். ஸ்ரீ இலக்கத் தகடு வைத்த மொரிஸ் மைனர் என்றால் அந்தஸ்தே வேறு. 1957இல் வந்த அந்தச் சிங்கள எழுத்தின் மேல் எதிர்ப்பாகத் தார் பூசியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே தகட்டை மெழுகு போட்டுத் தேய்க்கிறார்கள். இப்படிப்பட்ட செல்லத்துக்கு நோய் என்று யாராவது சொன்னால் கோபம் வரத்தானே செய்யும்?

ஆகவே முதலில் மறுத்துவிடுங்கள். காலையில் காருக்கடியில் ஈரம் தெரிந்தால், ஏசித் தண்ணீர். ஏசி வேலை செய்து எவ்வளவு காலம் என்று வீட்டில் யாராவது கேட்டால், மழை. கண்டியில் மழை என்ற பதிலை எளிதில் யாரும் மறுக்க முடியாது. உண்மை தெரிந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இரவில் காருக்கடியில் ஒரு வெள்ளை மட்டையை விரித்து வைக்கலாம். ஏசித் தண்ணீர் நிறமில்லாமல் காய்ந்துபோகும். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை விடும், விரலில் வழவழக்கும், இனிப்பாக மணக்கும். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. தெருநாய்க்கு அது தெரியாது, இனிப்பு என்று நக்கிவிடும். சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உங்கள் காரில் கறையே விழாமலும் போகலாம். கூலன்ட் ஊற்றிய ஞாபகம் உங்களுக்கே இல்லை, இத்தனை காலமும் ஓடியது வெறும் தண்ணீர். அதிலும் தரவேறுபாடு உண்டு. டொலமைட் தோண்டியெடுக்கும் திகனப் பக்கத்துக் கிணற்று நீரையோ, சித்திரை விடுமுறையில் யாழ்ப்பாணத்து மாமா வீட்டுக் கிணற்று நீரையோ ஊற்றினால், கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சில காலத்துக்கு அந்தப் படிவே ஓட்டையை அடைத்துக் காரைக் காப்பாற்றும். பிறகு குழாயையும் அடைத்துக் காரைக் கொல்லும்.

ஒழுக்கைத் தேடுகிறவர்கள் எப்போதும் பெரிய செலவிலிருந்துதான் தொடங்குவார்கள். "ஹெட் போயிட்டுது" என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. ரேடியேற்றர் மூடி போய்விட்டது என்றால் யார் அனுதாபப்படுவார்கள்? ஆனால் மலைநாட்டில் அந்த மூடிதான் எல்லாம். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 98க்குக் கொதிக்கும்; 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் 94க்கே கொதித்துவிடும். என்ஜினின் தேர்மோஸ்டட் திறப்பதே 82, 88 பாகை அளவில். இடையிலிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் காரைக் காப்பாற்றுவது மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும். ஜப்பான் கார்களில் 0.9 என்று பொறித்திருக்கும் மூடி, உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்துக் கொதிநிலையை 20 பாகை அளவுக்கு உயர்த்துகிறது. ரப்பர் வெடித்த மூடியோடு கம்பளை, புசல்லாவை தாண்டி நுவரெலியாவுக்கு ஏறினால், எங்கேயும் ஓட்டை இல்லாமலே தண்ணீர் கொதித்து வழிந்து தீர்ந்துவிடும். வழியில் றம்பொடையில் அனுமார் கோவில் இருப்பது ஒரு வசதி. மூடியை மாற்றிப் பார்ப்பது அதைவிட வசதி. இந்த வழிகாட்டியின் தரத்துக்கு இது சற்றே உருப்படியான ஆலோசனை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வழி. மாவனெல்லை தாண்டியதும் வெப்பமுள் ஏறத் தொடங்கும். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள்; என்ஜினின் சூட்டில் கொஞ்சம் உங்கள் முழங்காலுக்கு வரும், கார் பிழைக்கும். ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் பலர் பெருமூச்சு விட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள். சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், வெறும் ஆவிக்குள் நின்றுகொண்டு எல்லாம் சுகம் என்று காட்டும். அந்தச் சுகத்தை நம்பி இன்னும் இரண்டு வளைவு ஏறினால் நீங்கள் ஆசைப்பட்டபடியே ஹெட் போய்விடும்.

நிறுத்துவதற்கு நல்ல இடம் கடுகண்ணாவை. இந்த வீதியை 1820களில் அமைத்த கப்டன் டோசனுக்கு அங்கே ஒரு நினைவுக் கோபுரம் நிற்கிறது. அவர் குதிரையையும் மாட்டையும் மனதில் வைத்துப் போட்ட பாதை அது. தண்ணீர் காட்டினால் ஏறுகிற பிராணிகள். உங்கள் காரும் இப்போது அந்த இனம். அருகே ரயில்வே அருங்காட்சியகமும் உண்டு. ஆவி விடுவதே தொழிலாக வாழ்ந்த என்ஜின்கள் அங்கே ஓய்வெடுக்கின்றன. பக்கத்தில் நிறுத்தினால் உங்கள் காரையும் காட்சிப்பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள், அவமானம் குறையும்.

பொனட்டைத் தூக்கியதும் ஒரு சபை கூடும். எல்லோரும் மூடியைத் திறக்கச் சொல்வார்கள், ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். அவர்கள் நிற்கும் தூரமே சரியான ஆலோசனை. அரை மணி நேரமாவது ஆறட்டும், பிறகு தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திருகுங்கள். கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். இதற்குள் சபையின் மூத்தவர் மஞ்சள்தூள் கேட்பார். ரேடியேற்றரில் மஞ்சள்தூள் போட்டால் மயிரிழை ஓட்டை அடைபடும் என்பது பழைய லொறிக்காரர் வைத்தியம். கொஞ்ச நேரத்துக்கு அடைபடவும் செய்யும். ஓட்டையோடு ஹீட்டர் குழாயும் சேர்ந்து அடைபடும். 2020இல் மஞ்சள் இறக்குமதிக்கும் தடை இருந்தது; கடலில் கடற்படை மஞ்சள் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வருடம் ரேடியேற்றரில் மஞ்சள் போட்டவர் யாராவது இருந்தால், காரை விற்று மஞ்சளை வைத்திருந்திருக்கலாம்.

எல்லாம் தோற்றபிறகு கராஜுக்குப் போகலாம். பாஸ் குளிர்ந்த என்ஜினில் கைப்பம்பைப் பொருத்தி மூடியில் எழுதியுள்ள அளவுக்குக் காற்றடிப்பார். பம்பின் முள் இறங்கினால் ஒழுக்கு உண்டு. பிறகு டோர்ச்சோடு கீழே படுத்து, கீழ் ஹோஸின் கிளிப், வோட்டர் பம்பின் கீழேயுள்ள சின்னத் துளை, ரேடியேற்றரின் விளிம்பு என்று வரிசையாகப் பார்ப்பார். பித்தளை ரேடியேற்றர் என்றால் ஈயம் பற்றவைக்கலாம். பிளாஸ்டிக் தலை வைத்தது வெடித்தால் மாற்றத்தான் வேண்டும். உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு ஒரு பயணம். வெளியே எங்குமே ஈரமில்லை, ஒயில் மட்டும் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கட்.

பாஸ் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "கிளிப்தான் சேர், கறல் பிடிச்சு லூசாயிட்டுது" என்பார். சந்தோஷப்படாதீர்கள். "பாஸ், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓடாதா?" என்று கேட்பதுதான் வழக்கம். போத்தலும் புதிதாகத்தானே இருக்கிறது.

அதுவும் அலுத்துவிட்டால் விற்றுவிடலாம். வாங்க வருகிறவரைக் கடுகண்ணாவைக்கு வரச்சொல்லி, மாவனெல்லைப் பக்கமாக ஓட்டிப்பார்க்கக் கொடுங்கள். இறக்கத்தில் எந்தக் காரும் எளிதில் கொதிக்காது. காசை எண்ணிக் கையெழுத்தைக் கீழேயே வாங்கிக்கொண்டு, நீங்கள் பஸ்ஸில் ஏறி வாருங்கள். போத்தலை அவரிடமே கொடுத்துவிடுங்கள், அது காரோடு சேர்ந்தது.