சியோலுக்கு முன் அம்பாங்!

கேள்வி: குடும்பத்தோடு கொரியா போகிறோம். நாலு வார்த்தையாவது பேச வேண்டாமா? – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: வாசகிக்குக் கொஞ்சம் கொரியம் ஏற்கெனவே தெரியும்! அங்கும் அப்பா ‘அப்பா’தான், அம்மா ‘ஓம்மா’. வினைச்சொல்லும் தமிழைப் போலவே கடைசியில்தான் வந்து உட்காரும். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு நூல் எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. கற்பவருக்கோ இந்த ஒற்றுமை பெரிய வசதி.

வணக்கத்துக்கு, லேசாகத் தலை குனிந்து, ‘அன்னியோங் ஹாசேயோ’. நன்றிக்கு ‘கம்சாஹம்னிதா’. விலை கேட்க ‘ஓல்மாயேயோ?’

மாட்டிறைச்சி தொடாத குடும்பமென்றால் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது ‘சோகோகி பே ஜுசேயோ’: மாட்டிறைச்சி வேண்டாம், எடுத்துவிடுங்கள். பிபிம்பாப் சோற்றில் காய்கறியோடு அதுவும் அடிக்கடி கலந்து வரும்.

பயணத்துக்கு முன் ஒத்திகை பார்க்க, கோலாலம்பூரையொட்டிய அம்பாங்கின் கொரிய உணவகங்கள் போதும். ‘முல் ஜுசேயோ’ என்று கேட்டால் தண்ணீர் வரும்.