கொள்கைக் கிராணி

மலேசியாவின் மலையூரான ரிங்லெட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அங்கே ஒரு தே தாரிக் டீ ஆறுவதற்குள் மைக்ரோசாப்ட், கூகுள், ஆப்பிள் மூன்றையும் கூண்டில் ஏற்றி, விசாரித்து, தண்டனையும் கொடுத்துவிடுவேன். மேல்முறையீடு கிடையாது. காய்கறி லாரிக்காரர்கள் தலையாட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் டிக்டாக்கைப் பார்த்துக்கொண்டே ஆட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். தேயிலைத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கருத்துச் சொல்ல யாரும் அலவன்ஸ் தருவதில்லை. இலவசமாகவே சொல்லி வருகிறேன்.

என் கொள்கைகளில் மட்டமானது ஒன்றும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க வாங்கியவனுக்கு உரிமை வேண்டும் என்பது முதலாவது. இதற்கு ஆதாரமாக எப்போதும் ஸ்டால்மன் கதையைச் சொல்வேன். 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஜெராக்ஸ் அச்சுப்பொறி ஒன்று காகிதம் சிக்கிச் சிக்கி நின்றது. அதன் நிரலைத் தானே சரிசெய்கிறேன் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டார். மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபம் 1983இல் குனூ திட்டமாக எழுந்தது. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் அதோடு சேர, யாரும் எடுத்துத் திருத்தி ஓட்டக்கூடிய இயங்குதளம் ஒன்று உலகத்துக்குக் கிடைத்தது. எனக்கும் ஆபீஸ் அச்சுப்பொறியோடு வேலைக் காலம் முழுக்கப் பகை இருந்தது. ஸ்டால்மன் இயக்கம் தொடங்கினார். நான் அச்சுப்பொறியின் விலாவில் ஓங்கித் தட்டிவிட்டு, மேனேஜர் வருகிறாரா என்று பார்த்தேன்.

இரண்டாவது கொள்கை: மனிதர்களைப் பற்றிய விவரம் அந்த மனிதர்களுக்குத்தான் சொந்தம். 2017இல் நம் நாட்டில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசி இணைப்புகளின் விவரங்கள் கசிந்தது தெரியவந்தது. அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எல்லாம் அதில் இருந்தன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். அந்தச் செய்தியை வைத்து நான் பல மாதம் பிரசங்கம் செய்தேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது, அதிலும் மத்திய, மாநில அரசாங்கங்களுக்கு விலக்கு என்று சொல்லிக் கடை மேசையைத் தட்டுவேன். டீ சிந்தும்.

இந்தப் பிரசங்கி வேலைக் காலம் முழுக்கச் செய்தது என்ன? செக்ரோல் எழுதியது. யார் எந்தக் காட்டில் வேலை, யார் எத்தனை கிலோ கொழுந்து, யாருக்கு எத்தனை நாள் காய்ச்சல், யார் முன்பணம் வாங்கினார், யார் பெண்சாதியோடு சண்டை போட்டுக்கொண்டு பேர் போட வரவில்லை, எல்லாம் என் மேசையில். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், 1933இல் பாரத் தேயிலை வந்தது. இந்த மலையில் கொழுந்து நிறுக்க ஆரம்பித்த காலத்திலிருந்தே ஆளை அளக்கும் பதிவேடும் கூடவே இருந்திருக்கிறது. கூகுள் பிறந்தது 1998இல். அதற்கு முன்பே எங்கள் லயத்தில் யாருக்கு என்ன தேவை என்று ஆபீசுக்குத் தெரியும். இந்தப் பொருத்தம் எனக்கு மட்டும் கண்ணில் படவே இல்லை. பட்டிருந்தால் பேச்சுக்கு ருசி குறைந்திருக்கும்.

கொள்கை கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றுவதாக அறிவித்தது. உலகமே சிக்னல் செயலிக்கு ஓடுவதாகப் பேப்பரில் போட்டார்கள். நானும் ஓடினேன். போய்ச் சேர்ந்து பார்த்தால் அங்கே எனக்குத் தெரிந்தவர் கோலாலம்பூரில் இருக்கும் மருமகன் ஒருவர்தான். அவரும் மரியாதைக்கு வந்தவர். ஒருமுறை கும்பிடும் கைகளை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு எனக்கு வரவேண்டிய செய்தியெல்லாம் என் மனைவியின் போனுக்கு வந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கமிட்டிக் கூட்டம், பேரன் நடக்கிற வீடியோ, எல்லாம். "என்னங்க, உங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு" என்று அவள் அடுப்படியிலிருந்து கூப்பிடுவாள். நான் போய்ப் பார்த்துப் பதில் சொல்வேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தட்டி அனுப்புவாள். ஆக என் தனியுரிமையைக் காப்பாற்ற அவளுடைய தனியுரிமையை முழுதாகக் கொடுத்தாயிற்று. அவள் தங்கையோடு என்னைப் பற்றிப் பேசுவதையும் இந்தச் சாக்கில் நான் படிக்க நேர்ந்தது. அதில் நான் எழுதும்படியானது எதுவும் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் லைன் சரியாகக் கிடைக்காது. கோயில் படிக்கட்டுக்குப் போனால்தான் முழுக்கோடு காட்டும். பழைய கொழுந்து மண்டோர் ஒருவர் தவறிய செய்தி அவள் போனில் மறுநாள் மத்தியானம்தான் விழுந்தது. அதற்குள் எடுத்துவிட்டார்கள். கருமாதிக்குப் போய் நின்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "கிராணிக்கு வாட்ஸ்அப் கிடையாது" என்று அவர் மகன் மற்றவர்களிடம் சொன்ன விதத்தில், எனக்கு ஏதோ நோய் என்று வந்தவர்கள் நினைத்திருக்கலாம்.

அடுத்தது கோயில் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்று மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், ஓரளவு புதிய பிராசசரும் வேண்டும்; கோயிலில் இருந்த பெட்டியில் இரண்டும் இல்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்கிற அநியாயம் இது என்று கமிட்டியில் பேசினேன். அது அநியாயம்தான், அதில் இன்றும் என் கருத்து மாறவில்லை. ஆனால் விண்டோஸ் 10 பயனர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துக்கொள்ள ஒரு வழி இருந்ததையும், அமைப்புகளில் போய் அதற்குப் பதிந்துகொள்ளலாம் என்பதையும் நான் கமிட்டிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓராண்டு நிதானமாக யோசித்திருப்பார்கள். எனக்குத் தேவைப்பட்டது நிதானமில்லை, புரட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் ஏற்றினேன். அழகாக ஏறியது. திங்கட்கிழமை பொருளாளர் கூப்பிட்டார்.

"அண்ணே, சாமி பேரே பூச்சி பூச்சியா தெரியுது."

விஷயம் இதுதான். கோயில் கணக்கு, யூனிக்கோடு என்ற பொதுக் குறியேற்றம் பரவலாவதற்கு முந்திய காலத்திலிருந்து கணினியில் இருக்கிறது. அப்போது தமிழை ஆளுக்கொரு குறியேற்றத்தில் தட்டினார்கள். ஒரு எழுத்துருவில் 'மு' இருக்கிற இடத்தில் இன்னொன்றில் 'ழ்' இருக்கும். சரியான எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தலைமேல் குத்து வைத்த ஆங்கில எழுத்துகள்தான் வரும். விண்டோஸ் 2000 வந்தபோதே இயங்குதளத்துக்குள் யூனிக்கோடு தமிழ் வந்துவிட்டது, ஆனால் எங்கள் செயலாளர்கள் மாறவில்லை. ஒவ்வொரு செயலாளரும் பதவியேற்கும்போது தனக்குப் பிடித்த எழுத்துருவைக் கூடவே கொண்டுவந்தார். பழைய விண்டோஸ் பெட்டியில் அத்தனையும் நிறுவப்பட்டிருந்தன. நான் சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.

கணக்கு என்னவோ பத்திரமாக இருந்தது. படிக்கத்தான் முடியவில்லை. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இணையத்தில் உண்டு, இது எந்தக் குறியேற்றம் என்று நாம் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டுச் செயலாளர் எதில் தட்டினார் என்று அவரிடமே கேட்கலாமென்றால், அவர் ஜொகூரில் இருக்கிறார், வாட்ஸ்அப்பில் மட்டும் கிடைப்பார்.

அவரோடும் மனைவியின் போன் வழியாகவே பேசினேன். முரசு அஞ்சல் என்றார். அந்த மென்பொருளை உருவாக்கி, 1980களின் நடுவிலேயே கணினியில் தமிழ் தட்ட வழிசெய்த முத்து நெடுமாறன் நம் மலேசியர். ஆப்பிள் கருவிகளில் இருக்கும் இணைமதி எழுத்துருவை வடிவமைத்தவரும் அவரே. போனில் தமிழ் தட்ட நான் தினமும் பயன்படுத்தும் செல்லினமும் அவர் தந்ததுதான். ஸ்டால்மன் அளவுகோலைக் கையில் எடுத்தால் இதில் எத்தனை தேறும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தால் நான் தமிழில் கருத்துச் சொல்வதையே நிறுத்த வேண்டியிருக்கும். ஊருக்கு அது நல்லதென்று பொருளாளர் நினைக்கக்கூடும்.

தைப்பூசக் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் இதையெல்லாம் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தோம். லினக்ஸ் போட்ட என் மடிக்கணினியில் லிப்ரே ஆபீசைத் திறந்து, பாருங்கள், வெள்ளி கொடுக்காமலே இவ்வளவும் நடக்கிறது என்று காட்ட வேண்டும். 'பட்டியல் புதியது', 'பட்டியல் கடைசி', 'பட்டியல் உண்மையான கடைசி' என்று மூன்று கோப்புகள் இருந்தன. நடுவில் உள்ளதைத் திறந்தேன்.

சுவர் முழுக்க விரிந்தது தோட்டத்து ஆட்களின் பட்டியல். பெயர், லய எண், அடையாள அட்டை எண், அட்டையின் நிறம்.

மலேசிய அடையாள அட்டை எண்ணைச் சொல்வது ஜாதகத்தில் பாதியைச் சொல்வது மாதிரி. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பகாங்குக்கு 06, பேராவுக்கு 08, கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டே வாசிக்க ஆரம்பித்தார்கள். ஊரே பெரியக்கா என்று கூப்பிடும் அம்மாள், கூப்பிடுகிறவர்களில் நாலைந்து பேருக்கு இளையவர் என்று தெரிந்தது. இன்னொருவர் கல்யாணத்துக்காக வயதைக் குறைத்துச் சொன்ன கதை கணவருக்கு முன்னால் வெளிப்பட்டது. சிரிப்பு அடங்கவில்லை. நான் மூடும் பொத்தானைத் தேடினேன். புது இயங்குதளத்தில் அதை நானே இடதுபக்கம் மாற்றி வைத்திருந்தேன், அழகுக்காக.

அட்டையின் நிறம் என்ற பத்தியில் நீலம் நீலம் என்று வரிசையாகப் போய், நடுவில் சில கட்டங்களில் சிவப்பு. எழுத்தில் மட்டுமில்லை, கண்ணுக்குச் சட்டென்று படட்டும் என்று கட்டத்துக்கே சிவப்புச் சாயம் பூசியிருந்தேன். நீல அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு, நிரந்தரவாசிகளுக்கு: ஓட்டு இல்லை, குடிமக்களுக்கென்று வரும் உதவித்தொகையும் இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்பைப் பதியாமல் போனதால், அல்லது அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியாததால், அல்லது 1957க்குப் பிறகு மனுப் போட வேண்டிய நேரத்தில் யாரும் சொல்லித் தராததால் சிவப்போடு நின்றுபோன தோட்டத்து ஆட்கள் எத்தனையோ பேர். பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருப்பார்கள். இப்போது கொழுந்துக்காட்டில் பாதிக்கு மேல் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான். அவர்களோடு தன்னையும் ஒரு கணக்கில் வைத்துவிடுவார்களோ என்ற பயம் பழைய ஆட்களுக்கு உண்டு.

மூன்றாவது வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். பால்மரமும் தேயிலையும் பார்த்து, என் செக்ரோலில் இருந்தவர்.

"கிராணியாரே, என் கட்டத்துக்கு மட்டும் எதுக்கு சாயம் அடிச்சிருக்கீங்க?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பட்டியல் உருவானது கெட்ட எண்ணத்தில் இல்லை. 2011 பிப்ரவரியில் ஆவணம் இல்லாத இந்தியர்களைப் பதிய 'மைடஃப்தார்' இயக்கம் நடந்தபோது, யார் யாருக்கு மனுப் போட வேண்டும் என்று பார்க்க நான் எழுதியது. மனு எண்ணையும் கடைசிப் பத்தியில் குறித்து வைத்தேன். பிறகு அதே பட்டியலைக் கோயில் வரிக்கு எடுத்துக்கொண்டேன், அன்னதானச் சீட்டுக்கும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் நகல் எடுத்தேனே தவிர, நிறத்தை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. ஒரு காரியத்துக்கு வாங்கிய விவரத்தை இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்துகிறான் என்று ஃபேஸ்புக்கைத் திட்டும்போது நான் சரியாக இந்த வாக்கியத்தைத்தான் சொல்வது வழக்கம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான் பொருந்துமாம். அன்னதானச் சீட்டு வணிகமில்லை. ஆக நான் நிரபராதி. இதைச் சொன்னபோது என் மனைவி பாத்திரத்தைச் சற்றுப் பலமாகவே வைத்தாள்.

அன்றிரவே பிராயச்சித்தம் செய்தேன். லினக்ஸில் 'ஷ்ரெட்' என்று ஒரு கட்டளை உண்டு. கோப்பை வெறுமனே நீக்காது; அதன்மேல் குப்பை எண்களைத் திரும்பத் திரும்ப எழுதி, மீட்பதை மிகக் கடினமாக்கிவிடும். மூன்று பட்டியலையும் அப்படி அழித்தேன். பென்டிரைவையும் விடவில்லை. நெஞ்சில் பாரம் இறங்கியது. மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, "இனி எங்கேயும் இல்லை" என்றேன். அவர் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் போயிருக்கும். அவரே என் வீட்டு வாசலில் நின்றார். பேத்தி ஈப்போவிலிருந்து வந்திருக்கிறாள், தாத்தாவின் குடியுரிமை மனு என்ன ஆயிற்று என்று கேட்கப் போகிறாள், பழைய மனு எண் வேண்டும் என்றார். ரசீது வெள்ளத்தில் போய்விட்டதாம்.

"உங்க லிஸ்ட்டுல கடைசியில எழுதியிருந்தீங்களே, கிராணி. அதான் வந்தேன்."

நான் ஷ்ரெட் கட்டளை எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தேன். எத்தனை முறை மேலெழுதும் என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளிருந்து என் மனைவி மூக்குக் கண்ணாடியும் போனுமாக வந்தாள்.

"அன்னதானத்துக்கு அச்சடிக்கச் சொல்லி நீங்கதான் என் போன்லருந்து கமிட்டி குரூப்புக்கு அனுப்பச் சொன்னீங்க. இந்தா இருக்கு, கலரோட."

கமிட்டிக் குழுவில் எண்பத்துச் சொச்சம் பேர். அவர்கள் மேற்கொண்டு யார் யாருக்கு அனுப்பினார்களோ. பெரியவர் எண்ணைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். அவர் படியிறங்கியதும் மனைவி என்னைப் பார்த்தாள்.

"இதையும் அழிச்சிடவா?"

சிவப்புக் கட்டங்களில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். முதலில் அவர்களுடைய மனு எண்களைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடு, பிறகு பார்க்கலாம் என்றேன். அவள் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.