உபரிக் கட்டம்

ஐம்பது வயதைக் கடந்தபின் பியானோ பயிலத் துணிந்தவனை, ஆசிரியரைவிட அச்சிட்ட புத்தகமே அதிகமாக அதிகாரம் செய்யும் என்பதை, பழைய புத்தகக் கடையொன்றில் சல்லிசாக வாங்கிய பாக்கின் ‘வெல் டெம்பர்டு கிளேவியர்’ முதற்பாகம் எனக்கு நன்றாக உணர்த்திற்று. பக்கத்துக்குப் பக்கம் கட்டளைகள்: இவ்விடத்தில் நிதானம், அவ்விடத்தில் உரப்பு, இந்த ஸ்வரத்துக்கு நான்காம் விரல், அடுத்ததற்குக் கட்டைவிரல். புக்ககம் வந்த புது மருமகளுக்குக்கூட அத்தனை உபதேசம் நடந்திராது. நானோ, அவ்வளவும் பாக் என்னும் மகான் தம் கைப்பட எழுதியவை என்று நம்பி, பயபக்தியோடு கீழ்ப்படிந்து வந்தேன்.

உண்மை என்னவென்றால், 1722இல் அவர் எழுதிவைத்த கைப்பிரதியில் இத்தகைய குறிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்காலத்து ஹார்ப்ஸிகார்டில் இறகுத் தண்டாலான ஒரு சிறு முள் தந்தியை மீட்டிவிட்டு விலகும். விரல் கெஞ்சினாலும் அதட்டினாலும் ஓசை ஏறக்குறைய ஒரே அளவில்தான் எழும். அதனிடம் போய் உரப்பு, மென்மை என்று எழுதிக் காட்டுவதில் என்ன பிரயோஜனம்? மேலும், அவரிடம் பயின்ற சீடர்கள் அந்நூலைக் கையால் படியெடுத்துக்கொண்டவர்கள். சொல்ல வேண்டியதை வாயால் சொல்லிவிடலாம். பாக் காலமாகி அரை நூற்றாண்டு கழித்து, 1801இல்தான் அது அச்சேறியது. பிறகு 1837இல் கார்ல் செர்னி, தம் குருவான பேத்தோவன் வாசித்ததைக் கேட்ட ஞாபகத்தையே சாட்சியாக நிறுத்தி, வேகம், விசை, விரலெண் யாவற்றையும் தாராளமாக அள்ளி இறைத்தார். என் புத்தகமும் அந்த வம்சத்தில் உதித்ததே.

சென்ற ஆண்டு என் மருமகன், ஜெர்மானியர் உர்டெக்ஸ்ட் என்றழைக்கும் மூலபாடப் பதிப்பொன்றை, விரலெண்கூட இல்லாததாகப் பார்த்து வாங்கி அனுப்பினார். மேலதிகாரி விடுப்பில் போய்விட்ட அலுவலகத்துக் குமாஸ்தாவைப்போல் முதலில் குதூகலித்தேன்; பத்து நிமிஷத்துக்கெல்லாம் எந்தக் கோப்பை எங்கே வைப்பதென்று புரியாமல் விழித்தேன். அந்த விழிப்பில்தான் ஓர் அக்கிரமம் கண்ணில் பட்டது. முதல் பிரெலூடில், இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே அடைபட்ட கட்டங்களை எண்ணிப் பார்த்தால் 35தான் இருந்தன. என் பழம்புத்தகத்திலோ 36. ஒரு கட்டத்தையே விழுங்கிவிட்டு நூலுக்கு மூலபாடம் என்று பெயர் வைக்க எத்தனை துணிச்சல் வேண்டும் என்று பதிப்பாளருக்கு இரண்டு பக்கக் கண்டனக் கடிதம் தீட்டி, தபாலில் சேர்ப்பதற்கு முன் ஆசிரியையிடம் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “உங்கள் புத்தகத்தில்தான் சார் ஒன்று அதிகம்” என்றார்.

விஷயம் இது. 22ஆம் கட்டத்தில் பாக்கின் கீழ்ஸ்வரம் எஃப் ஷார்ப்பில் நிற்கிறது. அடுத்த கட்டத்தில், இடையிலுள்ள ஜி-யை மிதிக்காமலே ஏ ஃபிளாட்டுக்குத் தாவி, அதன் பிறகே ஜி-க்கு இறங்குகிறது. இந்தத் தாவல் ஷ்வென்கே என்பவருக்குப் பொறுக்கவில்லை போலும். 1783இல் அவர் எழுதிய பிரதியிலிருந்தே அந்த உபரிக் கட்டம் கிளம்பிற்று என்பார்கள். அப்போது அவருக்கு வயது பதினாறுக்கு மேலிராது. பெரியவர் வாய்க்காலைத் தாண்டிக் குதித்ததைக் கண்டு, பாவம் தவறிப்போய்த் தாண்டிவிட்டார் என்று கருதி, நடுவில் ஒரு கல்லைப் போட்டுவைத்த பிள்ளையின் பரோபகாரத்தை நான் குறைகூறமாட்டேன்; நானும் அந்தக் கல்லின்மேல்தான் ஆறு வருஷம் நடந்திருக்கிறேன். குனோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பிரெலூடின்மேல் தம் ‘ஆவே மரியா’வை ஏற்றியபோது அந்தக் கல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டதால், உலகமெங்கும் கலியாண மண்டபங்களில் அது இன்றளவும் பாடப்பட்டு வருகிறது. எனக்குத் துணை அதிகம் என்பதில் ஓர் ஆறுதல்.

கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். ஆனால், அறிவு ஒப்புக்கொண்டதை விரல் ஒப்புக்கொள்ள வேண்டுமே! 22ஆம் கட்டம் முடிந்ததும் இடது கை, தொழுவம் திரும்பும் மாடுபோல், தானாக ஜி-யில் போய் நிற்கும். மூன்று மாதம் அதனோடு மல்லுக்கட்டி, போன வெள்ளிக்கிழமை மாலை, முதன்முதலாக 35 கட்டங்களையும் பாக் எழுதியபடியே பிசகின்றி வாசித்து முடித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “நடுவிலே ஒன்றை விழுங்கிவிட்டீர்களே!”