தறிக்கூட ரகசியம்
2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. நூற்றுக்கு நூறு சரி. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் பாவு நூல் அறுந்து தறி நின்ற நேரத்தில் ஒருவர் போடும் குத்தாட்டம் பெய்ஜிங் கையில் சிக்கினால் நாடு என்னாவது? பின்னால் நிற்கும் தறிகளை எண்ணிவிட மாட்டார்களா? பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ என்ன விலை என்பதும் ராணுவ ரகசியம்தானே! அதே ஆட்டம் இப்போது இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் ஓடுகிறதே என்று சிலர் இடக்காகக் கேட்கிறார்கள். அது அமெரிக்கக் கம்பெனி ஐயா. நம் அந்தரங்கத்தை வைத்து நமக்கே வேட்டி விளம்பரம் காட்டும், அவ்வளவுதான். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ரீல்ஸ் எடுப்பவர்களும் தைரியமாக எடுக்கலாம். கையில் இருப்பது ஷாவ்மியோ விவோவோ, அந்தச் சீனப் போன்களுக்குத் தடையில்லை. இத்தனை ரகசியம் காத்த நாட்டில், தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது மட்டும் 2023 ஆகஸ்டில்தான்.