கம்பெனி பெற்றெடுக்கும் கம்பெனி

மின்வாரியத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்கு என் வேலையை விளக்குவது லேசான காரியம் இல்லை.

"உங்க கம்பெனி என்னடா தயாரிக்குது?"

"கம்பெனி தயாரிக்குது பெரியப்பா."

"அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கும்?"

"அது இன்னும் முடிவாகலை."

அவர் என் அப்பாவை அனுதாபத்தோடு பார்த்தார்.

இது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. கலிபோர்னியாவில் பில் கிராஸ் 1996-இலேயே ஐடியாலேப் தொடங்கிவிட்டார். 2007-இல் பெர்லினில் சாம்வர் சகோதரர்கள் ராக்கெட் இன்டர்நெட் ஆரம்பித்தார்கள். பணம், ஆள், வக்கீல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வரிசையாக ஸ்டார்ட்அப்களைப் பெற்று, பிழைத்ததை வளர்ப்பார்கள், மற்றதை மூடுவார்கள். எங்கள் கூரை சென்னை ஓ.எம்.ஆரில், துரைப்பாக்கம் பக்கம் இருந்தது. சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று எழுதியிருக்கும். குடும்பத்தில் யாராவது ஓவர்டைம் கேட்பார்களா?

சலுகைகளுக்குக் குறைவில்லை. ராத்திரி எட்டரை தாண்டினால் சாப்பாடு இலவசம். பத்து தாண்டினால் கேப் இலவசம். ஆறு மணிக்குக் கிளம்புகிறவனுக்கு டிராபிக் மட்டும் இலவசம்.

நின்றுகொண்டே வேலை பார்க்க, ஏறி இறங்கும் மேசையும் உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021-இல்தான். தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரச் சட்டம் தேவைப்பட்ட ஊரில், எங்களை நிற்கவைக்க மோட்டார். அதுவும் பாதியில் நின்றுவிட்டது. என் மேசை உட்கார்ந்தால் கழுத்துக்கு வரும், நின்றால் தொடைக்கு வரும்.

பெரியப்பாவை மிகவும் குழப்பியது வரம்பில்லா விடுப்பு. நெட்ஃபிளிக்ஸ் பிரபலமாக்கிய ஏற்பாடு: எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு.

"அப்ப போன வருஷம் எத்தனை நாள் எடுத்தே?"

"தீபாவளிக்கு மட்டும்."

பன்னிரண்டு நாள் என்று சொல்லியிருந்தால் பன்னிரண்டையும் எடுத்திருப்போம். எத்தனை எடுத்தால் மேனேஜர் முகம் மாறும் என்று தெரியாததால் யாருமே எடுக்கவில்லை. பெரியப்பா ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து மாடியில் அறை கட்டியவர். வரம்பே இல்லாத லீவில் மிச்சம் ஏது, சரண்டர் செய்ய?

அடுத்தது ஈசாப். சம்பளம் கொஞ்சம் குறைவு, பதிலுக்குக் கம்பெனியில் பங்கு. நாலு வருஷத்தில் முழுசாகக் கைக்கு வரும். முதல் வருஷம் முடியும்வரை ஒன்றும் கிடையாது. இதைப் பொய் என்று தள்ளவும் முடியாது. சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் ஏறியபோது ஊழியர்களில் ஐநூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்தது. அந்தச் செய்திதான் எங்கள் எச்.ஆரின் முதல் ஸ்லைடு. ஆனால் எங்கள் குழந்தைக் கம்பெனிகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. ஒன்றை மூடியதும் ராஜினாமா எழுதி வாங்கி, அடுத்ததில் சேர்ப்பார்கள். பங்குக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. குத்துவிளக்கை வாடகைக்கு விடும் செயலியில் எனக்குப் பங்கு இருந்தது. நாய்க்கு ஜாதகம் பார்க்கும் செயலியிலும் இருந்தது. அப்போதிருந்த 1972-ஆம் வருஷச் சட்டப்படி கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டியிருந்தது. என் அனுபவமெல்லாம் துண்டுதுண்டாகக் கிடந்தது.

உருப்படியான சலுகை ஒன்று இருந்தது. அது சுவரிலும் இல்லை, ஸ்லைடிலும் இல்லை. ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. பெற்றோரையும் சேர்த்த மருத்துவக் காப்பீடு. அப்பாவின் இடது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் செய்தோம், கையிலிருந்து பைசா போகவில்லை. பெரியப்பாவே "பரவாயில்லடா, கம்பெனிதான்" என்றார்.

அந்த வாரமே கேன்டீனில் பேச்சு அடிபட்டது: இந்தக் கம்பெனியையும் மூடுகிறார்கள், அடுத்தது இன்னும் பிறக்கவில்லை. கடைசி வேலை நாளோடு காப்பீடும் போய்விடும். மற்றவர்கள் ரெஸ்யூமே திருத்த ஓடினார்கள். நான் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, டாக்டரைக் கேளுங்க. வலது கண்ணை இந்த மாசக் கடைசிக்குள்ள பண்ணிடலாமா?"